அயல் மண்ணில் பண்டிகை

பண்டிகை வீட்டில் நடப்பதா, வீதியில் நடப்பதா என்று கேட்டால், வீட்டில்தான் நடக்கிறது என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். எண்ணெய் தேய்த்து நீராடுவதும், புத்தாடை உடுப்பதும், பலகாரம் செய்வதும் வீட்டுக்குள் நடப்பவையே அன்றோ? நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் பண்டிகைகளின் நாளும் கிழமையும் அறியாத ஒரு நகரில் இரண்டாண்டுகளுக்கு மேல் வாழ நேர்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பண்டிகையில் பாதியை நமக்காக வீதியே நடத்திக் கொடுக்கிறது. பத்து நாள் முன்பே துணிக்கடைகளில் கூட்டம் கூடுகிறது. பூக்காரி விலையை ஏற்றிவிடுகிறாள். பால்காரர் இனாம் கேட்டு வாசலில் நிற்கிறார். பள்ளிக்கூடம் மூடிக்கொள்கிறது. நாட்காட்டியின் தாள் அன்று சிவப்பெழுத்தில் விடிகிறது. வீட்டார் சோம்பியிருந்தாலும் வீதி அவர்களை விடுவதில்லை. அந்த வீதி இல்லாத இடத்தில் பண்டிகை எவ்வாறு நிலைக்கும்? இதனை நாங்கள் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகிறோம்.

எங்கள் குடும்பம் சிறியது. எங்களுள் ஒருவர் தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர், மற்றவர் செவிலியர், மூன்றாமவள் அப்போது எட்டு வயது நிரம்பிய மகள். செவிலியருக்கு ஓமான் நாட்டின் தலைநகராகிய மஸ்கத்தில் ஒரு மருத்துவமனையில் பணி கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் நீண்ட விடுப்புப் பெற்று, அடுக்களையையும் மகளின் படிப்பையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2022 மார்ச் மாதத்தில் புறப்பட்டுச் சென்ற நாங்கள் 2024 ஜூனில் தில்லி திரும்பினோம்.

மஸ்கத்துக்கும் நம் மேற்குக் கரைக்கும் நடுவே கிடப்பது அரபிக்கடல் ஒன்றே. பருவக்காற்றின் துணைகொண்டு பாய்மரக் கலங்கள் பல நூற்றாண்டுகள் போய்வந்த வழி அது. கச்சு நாட்டின் மாண்டவி முதலிய துறைகளிலிருந்து சென்ற இந்து வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர். அவர்கள் மரபில் வந்த கனக்சி கீம்ஜி என்பார்க்கு அந்நாட்டு அரசர் ‘ஷேக்’ என்னும் பட்டமே அளித்துப் பெருமைப்படுத்தினார். அப்பெரியார் 2021-ஆம் ஆண்டில் மறைந்தார். பழைய மஸ்கத்தில் அரசரின் அரண்மனைக்கு அருகிலேயே சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. தார்சைத் என்னும் பகுதியில் கிருஷ்ணன் கோயில் உண்டு. ரூவியில் கிறிஸ்தவ தேவாலயங்கள் இருக்கின்றன. 1996-இல் வெளிவந்த நாட்டின் அடிப்படைச் சட்டம், பொது ஒழுங்குக்கு ஊறு நேராத வகையில் அவரவர் தம் சமயச் சடங்குகளை நடத்திக்கொள்ளும் உரிமையை அளித்தது. 2021-இல் வந்த புதிய அடிப்படைச் சட்டத்திலும் அவ்வுரிமை இடம்பெற்றிருக்கிறது. நாட்டில் வாழ்வோரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் எங்களைப் போன்று பிழைக்க வந்தவர்களே.

ஆகவே, தடை என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், தடை இல்லாதிருப்பது வேறு. பண்டிகை வந்துவிட்டது என்று மனம் உணர்வது வேறு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2013-ஆம் ஆண்டுக்கு முன்னர் அது வியாழனும் வெள்ளியுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் வேலைநாள். எங்கள் ஊழைப் பாருங்கள்: 2022-இல் கிறிஸ்துமஸ், 2023-இல் பொங்கல், அதே ஆண்டில் தீபாவளி ஆகிய மூன்றும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தன. ‘ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு விடுமுறையைத் தின்றுவிட்டதே!’ என்று இந்தியாவில் உள்ள உறவினர் குறைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், நாங்கள் காலை ஆறு மணிக்குப் பணிக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். கிறிஸ்தவ அன்பர்கள் இதற்கு முன்பே வழி கண்டிருந்தனர். தேவாலயங்களில் ஞாயிறு வழிபாட்டைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையிலேயே நடத்திக்கொண்டனர். மருத்துவமனையில் உடன் பணியாற்றிய கன்னியாகுமரி மாவட்டத்துச் செவிலியர் ஒருவர், “எங்களுக்கு இங்கே வெள்ளிதான் ஞாயிறு” என்று நகைத்துக்கொண்டே சொல்வார்.

நாங்கள் அங்கே கண்ட முதற் பண்டிகை சித்திரைத் திருநாள். 2022 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. சுபகிருது ஆண்டு பிறந்த நாள். அந்த ஆண்டு ஓமானில் ரமலான் நோன்பு ஏப்ரல் 3-ஆம் நாள் தொடங்கியிருந்தபடியால், எங்கள் புத்தாண்டு பன்னிரண்டாம் நோன்பில் வந்து சேர்ந்தது. நோன்பு மாதத்தில் பகல் வேளையில் பொதுவிடங்களில் உண்பதும் பருகுவதும் அந்நாட்டில் சட்டப்படி குற்றம். மகள் பள்ளி வண்டியில் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கலாகாது என்று நாங்கள் திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தோம். வீட்டுக்குள் சமைத்து உண்பதற்கு யாதொரு தடையும் இல்லை என்பதை நன்கு அறிந்திருந்தும், அச்சம் எங்களை விடவில்லை.

வேப்பம்பூவுக்கு நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்நகரின் சாலையோரங்களில் வேப்பமரங்கள் உண்டு. கைப்பிடியளவு பூ பறித்து வந்தோம். மாங்காயும் வெல்லமும் ரூவிக் கடைவீதியில் கிடைத்தன. பகல் பதினொரு மணிக்கு மாங்காய்ப் பச்சடியும் பருப்புப் பாயசமும் அடுப்பில் கொதித்தன. ஏலமும் நெய்யும் கலந்த மணம் நடைவழியெங்கும் பரவுவதை உணர்ந்தோம். எதிர்வீட்டில் ஓமானியக் குடும்பம் ஒன்று வசித்து வந்தது. அவர்கள் விடியற்காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாதிருப்பவர்கள். நாங்கள் சன்னல்களை அடைத்தோம். கதவின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தோம். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகள், “நாம் ஏதாவது தப்புச் செய்கிறோமா?” என்று கேட்டாள்.

அவளுக்கு விடை கூற எங்களால் இயலவில்லை. பிறர் நோன்பை மதிக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையாக இருந்திருக்கும். மற்றப் பாதி, அயலார் நடுவில் நம் திருநாள் மறைத்துவைக்க வேண்டிய ஒன்று என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம் என்பதுதான். குழந்தையின் உள்ளத்தில் அந்த எண்ணம் ஒரு முறை பதிந்துவிட்டால், பின்னர் எத்தனை பாயசம் வைத்தும் அதனைப் போக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது. அன்றைய பாயசம் எங்களுக்கு இனிக்கவில்லை.

மாலை ஆறரை மணிக்கு மேல், பள்ளிவாசலின் பாங்கு ஒலித்துச் சிறிது நேரம் சென்றபின், கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மையார் ஒரு தட்டுடன் நின்றிருந்தார். பேரீச்சம்பழமும், ‘லுகைமாத்’ என்னும் பண்டமும் அதில் இருந்தன. மாவைச் சிறு உருண்டைகளாக எண்ணெயில் பொரித்துப் பேரீச்சம் பாகில் நனைத்தெடுக்கும் இனிப்பு அது. அவர் மத்ராத் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவராதலால் ஓரளவு இந்தி பேசுவார். “சகோதரி, பகலெல்லாம் மணம் மட்டும் வந்தது, பண்டம் வரவில்லையே!” என்றார். நாங்கள் நாணித் தலைகுனிந்து, நோன்பு நாளாயிற்றே என்று ஏதோ முணுமுணுத்தோம். “நோன்பு எங்களுடையது, பண்டிகை உங்கள் குழந்தையுடையது. அவள் நாளில் சன்னலை ஏன் அடைத்தீர்கள்?” என்று கேட்டார் அவர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புலால் உண்பதில்லை. புலால் சமைக்கும் வீட்டிலிருந்து வந்த தட்டைக் கண்டதும் பெரியவர்களாகிய எங்கள் கை தயங்கியது. அத்தயக்கத்தை அம்மையார் கவனித்தாரோ, இல்லையோ, நாங்கள் அறியோம். நாங்கள் தயங்கி நின்ற அந்த நேரத்திற்குள் மகள் இரண்டு உருண்டைகளைத் தின்றுவிட்டிருந்தாள். மூன்றாவது அவள் கையில் இருந்தது. பின்னர் நாங்களும் எடுத்துக்கொண்டோம். கொடுத்த தட்டை வெறுந் தட்டாகத் திருப்பலாகாது என்பது நம் வீடுகளில் வழங்கும் வழக்கம் அன்றோ? அந்தத் தட்டிலேயே பாயசக் கிண்ணத்தை வைத்துக் கொடுத்தோம். அன்று தொடங்கிய தட்டுப் போக்குவரத்து நாங்கள் ஊர் திரும்பும்வரை நிற்கவில்லை.

இரண்டொரு நாளில் நோன்பு மாதத்தின் நடுப்பகுதி வந்தது. அப்போது அங்கே சிறுவர்களுக்கென்றே ‘கரன்கஷோ’ என்னும் விழா உண்டு. மாலையில் பிள்ளைகள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வீடுவீடாகச் செல்வர். வீட்டார் இனிப்பும் கொட்டைப் பருப்புகளும் வழங்குவர். எதிர்வீட்டு அம்மையார் தம் பிள்ளைகளுடன் எங்கள் மகளையும் அழைத்துச் சென்றார். பை நிறையத் திரும்பி வந்தவள், அந்த அம்மையாரைக் ‘காலா’ என்று அழைக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அரபு மொழியில் அது தாயுடன் பிறந்தவளைக் குறிக்கும் முறைப்பெயர். நம் சித்தி, பெரியம்மா இருவருக்கும் அது ஒன்றே சொல்.

இவ்விடத்தில் நாட்காட்டியைப் பற்றிச் சிறிது சொல்லலாம். இஸ்லாமிய ஆண்டு முற்றிலும் நிலவின் கணக்கைப் பற்றியது. அதற்கு 354 அல்லது 355 நாள். அதனால் ஆண்டுதோறும் நோன்பும் பெருநாளும் ஏறக்குறையப் பதினொரு நாள் முன்னோக்கி வந்து, சுமார் முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகின்றன. நம் தீபாவளியும் நிலவுக் கணக்கைச் சார்ந்ததே. ஆயினும், இடையிடையே ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துக்கொள்வதால் அது ஐப்பசியை விட்டு அகல்வதில்லை. சித்திரை முதல் நாளோ கதிரவனைப் பின்பற்றுவது, அசையாமல் நிற்கும். இவ்வாறு அசையாத நாளை அசையும் மாதம் சந்தித்துக் கடந்து செல்வதை நாங்கள் மஸ்கத்தில் கண்டோம். 2022-இல் எங்கள் புத்தாண்டு பன்னிரண்டாம் நோன்பில் வந்தது; 2023-இல் இருபத்து மூன்றாம் நோன்பில் வந்தது; 2024-இல் ஏப்ரல் 10-ஆம் நாளே பெருநாள் முடிந்து, நான்கு நாள் கழித்துப் புத்தாண்டு பிறந்தது. ‘ஈத்’ என்னும் சொல்லை, ‘திரும்பி வருதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததாக அரபு அகராதியாசிரியர் காட்டுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு அச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் ‘பெருநாள்’ என்பதும் அதற்கு ஒத்த அழகுடையதே.

இனி மருத்துவமனைக்கு வருவோம். நோய்க்குப் பண்டிகை கிடையாது. எந்தப் பெருநாளிலும் யாரேனும் சிலர் நோயாளிகளின் அருகில் இருந்தே ஆகவேண்டும். 2022 ஜூலை 9-ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அப்பெருநாளுக்கு ஓமானியர் தலைநகரை விட்டு நிஸ்வா, சூர், இப்ரி முதலிய தம் சொந்த ஊர்களுக்குச் செல்வது வழக்கம். நம் ஊரில் பொங்கலுக்குப் பேருந்துகள் நிரம்புவதுபோல் அங்கே நெடுஞ்சாலைகள் நிரம்பும். எங்கள் செவிலியரும் வேறு சில இந்தியரும் தாமாகவே முன்வந்து அந்த மூன்று நாட்களின் பணியை ஏற்றுக்கொண்டனர். இதனை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை; அந்த நாட்களில் எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

அக்டோபர் வந்தது. தீபாவளி 24-ஆம் நாள், திங்கட்கிழமை. பணிமுறைப் பட்டியலைப் பார்த்தால், ஞாயிறு இரவு முழுதும் எங்கள் செவிலியருக்கு வேலை. வீடு திரும்பக் காலை எட்டு மணி ஆகிவிடும். விடியுமுன் எண்ணெய் வைத்து விடுபவர் யார்? தந்தை வைத்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். ஆனால், எங்கள் வீட்டில் அது தாயின் கைக்கு உரியது. தாயின் தாயும் அவ்வாறே செய்தவர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததே எங்களுக்கு வருத்தமாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாக, உடன் பணியாற்றும் ஓமானியச் செவிலி ஒருவர் எங்கள் செவிலியரிடம் வந்து, “திங்கட்கிழமை உங்கள் ஈத் அல்லவா? ஞாயிறு இரவுக்கு என் பெயரை எழுதிவிட்டேன்” என்றாராம். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கு நாள் எவ்வாறு தெரிந்தது என்றும் நாங்கள் விசாரிக்கவில்லை. ஜூலையில் அவர் ஊருக்குச் சென்று தம் தாயைப் பார்த்து வந்தவர் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு தீபாவளியில் பட்டாசு இல்லை. அந்நாட்டில் அதற்கு அனுமதியில்லை. வீதியில் கூட்டமில்லை, விடுமுறையும் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு நல்லெண்ணெய் காய்ச்சி, மகளை மணையில் அமர்த்தி, தாய் எண்ணெய் வைத்தார். சீயக்காய்த் தூள் ஊரிலிருந்து வந்தது. குளித்துப் புத்தாடை உடுத்தியபின் மகள் பள்ளிக்குக் கிளம்புமுன், நடைவழியில் ஐந்து அகல் விளக்குகளை ஏற்றினோம். இம்முறை சன்னல்களை அடைக்கவில்லை. அன்று மாலை அதிரசமும் முறுக்கும் சென்ற தட்டு, ஓமானிய அல்வாவுடன் திரும்பி வந்தது. குங்குமப்பூவும் ஏலமும் பன்னீரும் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் நெடுநேரம் கிளறப்படும் அந்த அல்வா, நம் திருநெல்வேலி அல்வாவுக்கு உறவு சொல்லக்கூடியது. மற்றொரு தட்டு மருத்துவமனைக்குச் சென்றது.

பொங்கலுக்கு வாழையிலை வேண்டுமே என்று அடுத்து நாங்கள் கவலைப்பட்டோம். அதற்கும் வழி இருந்தது. ஓமானின் தென்கோடியில் சலாலா என்னும் நகரம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அக்கரையை மழைச்சாரலால் நனைப்பதால், பாலைநிலத்தின் விளிம்பில் தென்னந்தோப்புகளும் வாழைத்தோட்டங்களும் செழித்து நிற்கின்றன. சலாலாத் தேங்காயை உடைத்து, கதிரவன் எழும் வேளையில் பால் பொங்கியபோது, நாங்கள் மூவர் கூவிய ‘பொங்கலோ பொங்கல்’ ஒலி கேட்டு எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தனர். பால் வழிந்துவிட்டதே என்று அவர்கள் பதற, அது வழியத்தான் வேண்டும் என்று எங்கள் மகள் அவர்களுக்கு விளக்கினாள்.

2023-ஆம் ஆண்டின் தீபாவளி வேறு விதமாக அமைந்தது. அது நவம்பர் 12-ஆம் நாள் வந்தது. அதற்குச் சில நாள் முன்னர் எதிர்வீட்டு அம்மையாரின் தாயார் காலமானார். அங்கே மூன்று நாள் துக்கம் காப்பர். ஆண்கள் ஓரிடத்திலும் பெண்கள் ஓரிடத்திலும் கூடியிருந்து ஆறுதல் கூறுவர். இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அண்டை வீட்டாரே சமைத்து அனுப்ப வேண்டும் என்பது நம் வழக்கம். இறந்தவர் குடும்பத்துக்குப் பிறர் உணவு செய்து அளிப்பது அவர்கள் வழக்கத்திலும் உண்டு. எனவே, அந்த வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சோறும் பருப்பும் காய்கறியும் சமைத்து இரண்டு நாள் அனுப்பினோம்.

தீபாவளி நெருங்கியது. நடைவழியில் விளக்கு ஏற்றுவதா, வேண்டாமா? ‘நம் வீட்டுத் துக்கம் இல்லையே’ என்று எங்களுள் ஒருவர் நினைத்தது உண்மை. அப்போது பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த மகள், “காலா என்றால் சித்தி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சித்தியின் அம்மா எனக்குப் பாட்டி அல்லவா?” என்று கேட்டாள். முறைப்பெயர்க் கணக்கின்படி அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அவ்வாண்டு பூசை மாடத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது, இனிப்புச் செய்யவில்லை. மாலையில் அம்மையாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் விளக்கு இல்லாததைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தவர், மகளின் தலையைத் தடவி, “அடுத்த ஆண்டு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஏற்றுங்கள்” என்று கூறிச் சென்றார். அடுத்த ஆண்டு நாங்கள் அங்கே இருக்கவில்லை.

2024 அக்டோபர் 31-ஆம் நாள், தில்லியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் பத்து விளக்குகளை ஏற்றினோம். அந்தப் படிக்கட்டில்தான், நேயர்களே, இதுவரை சொல்லாத ஒன்றை நாங்கள் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

எங்கள் தில்லி வீட்டுக்கு எதிரில், அதே தளத்தில், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று வாழ்கிறது. மஸ்கத் செல்வதற்கு முன்னர் ஒன்பது ஆண்டுகள் அவர்களுக்கு எதிர்வீட்டில் வாழ்ந்தோம். ஒன்பது ஆண்டுகளிலும் நோன்புப் பெருநாள் காலையில், பாலும் முந்திரியும் சேர்ந்த சேமியா நிறைந்த ஒரு பீங்கான் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் புன்னகையுடன் அதனை வாங்கிக்கொள்வோம். கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுத்துவிடுவோம். பிறகு கிண்ணத்தைக் கழுவி, வெறுங் கிண்ணமாகவே திருப்பிக் கொடுப்போம். நம் உறவினர் வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பியதில்லை. மஸ்கத்தில் அயல்நாட்டார் தட்டை வெறுமனே திருப்பியதில்லை. தில்லியில் மட்டும் அந்த ஒழுக்கம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவர்களுடைய பெருநாளில் நாங்கள் ஒரு முறையும் அவ்வீட்டுப் படியேறியதில்லை.

தமிழில் ‘அயல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அயலார் என்றால் பக்கத்து வீட்டார். அயல்நாடு என்றால் நமக்குரியது அல்லாத நாடு. அருகில் இருப்பதையும் நமதல்லாததையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் ஒரு சிக்கலாகவே இருந்து வந்தது. கடல் கடந்த அயல்நாட்டில் நாங்கள் அயலாராக ஏற்றுக்கொள்ளப்பட்டோம். நாலடி அகலமுள்ள நடைவழிக்கு அப்பால் இருந்த அயலாரை நாங்கள் அயல்நாட்டாராகவே வைத்திருந்தோம்.

2025 மார்ச் 31-ஆம் நாள் நோன்புப் பெருநாள். காலையில் கிண்ணம் வருமோ என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கையில், மகள் அதற்கு முன்பே எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் பின்தொடர்ந்து சென்றோம். வாசலில் நின்ற அவ்வீட்டு அம்மையாரை அவள், பழகிய வாய்க்கு இயல்பாக வந்தபடி, “காலா, ஈத் முபாரக்” என்றாள். உருது மொழியிலும் தாயுடன் பிறந்தவளுக்குக் ‘காலா’ என்பதே பெயர். அவர் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, அவளை அணைத்துக்கொண்டார். எங்களை உள்ளே அழைத்து அமரச் செய்து, அதே பீங்கான் கிண்ணங்களில் சேமியா கொண்டுவந்து வைத்தார். நாங்கள் உண்டோம். நன்றாக இருந்தது.

“இத்தனை ஆண்டுகள் நாங்கள்...” என்று தொடங்கினோம்; முடிக்க முடியவில்லை. அவரே முடித்து வைத்தார். “உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும், பெருநாளன்று எதிர்வீட்டுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி?” என்றார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. குறை இருந்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீதி இல்லாத இடத்தில் பண்டிகை எவ்வாறு நிலைக்கும் என்று தொடக்கத்தில் கேட்டோம். எதிர்வீடு ஒன்று இருந்தால் போதும், நிலைக்கும் என்பது மஸ்கத்தில் நாங்கள் கண்ட விடை. கடைவீதியும் விடுமுறையும் பட்டாசும் இல்லாமலே மூன்று பேர் கொண்ட குடும்பத்தின் பண்டிகை அங்கே நடந்தது. வாசலில் நின்று ‘இன்று உங்கள் நாள்’ என்று சொல்ல ஒருவர் இருந்ததால் நடந்தது. அந்த ஒருவராக நாம் யாருக்கு இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். நாட்காட்டியில் நமக்குக் கறுப்பெழுத்தாக இருக்கும் எத்தனையோ நாட்கள் எதிர்வீட்டாருக்குச் சிவப்பெழுத்து நாட்களாக இருக்கக்கூடும்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில், ஏப்ரல் 14 அன்று, விசுவாவசு ஆண்டு பிறந்தது. எதிர்வீட்டிலிருந்து எங்களுடன் வந்திருந்த பீங்கான் கிண்ணம் அதுவரை எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அன்று காலை அதில் பருப்புப் பாயசத்தை நிரப்பினோம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடைவழியைக் கடக்க வேண்டியது யார் என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் சிறு வழக்கு எழுந்தது. மகளே கொண்டு செல்லட்டும் என்று முடிவாயிற்று. கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.